வெடித்த வால் ஓரம்: 1985 கரேராவின் பின் ஸ்பாய்லரைச் சரிசெய்த கதை

இணைய மன்றத்தில் வந்த கேள்வி, 12 மார்ச் 2023

என்னிடம் 1986ஆம் ஆண்டின் போர்ஷே 911 கரேரா 3.2 இருக்கிறது. எஞ்சின் மூடிமேல் வால்போல நீட்டிக்கொண்டிருக்கும் பின் ஸ்பாய்லரைச் சுற்றியுள்ள கறுப்பு ரப்பர் ஓரம் பல இடங்களில் வெடித்துவிட்டது. இடது மூலையில் ஓரம் ஃபைபர் உடலை விட்டே விலகி நிற்கிறது. பட்டி போட்டு மேலே கறுப்பு அடித்தால் போதும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். மொத்தமாக மாற்றிவிடு என்கிறார் மைத்துனர். யாராவது சொந்தக் கையால் செய்து பார்த்திருக்கிறீர்களா?

பதில், 12 மார்ச் 2023, இரவு

பட்டி வேண்டாம். அவர்கள் காரில் கை வைப்பதற்கு முன் தடுத்துவிடுங்கள். விவரம் நாளை.

13 மார்ச் 2023

ஆற அமரச் சொல்கிறேன்.

என்னுடையது 1985 கரேரா 3.2, அடர்நீலம். 2019இல் வாங்கியபோதே வாலின் ஓரம் பித்தவெடிப்புக் கண்ட குதிகால் மாதிரி இருந்திருக்கிறது. பளபளப்புத் தைலம் தடவி வைத்திருந்ததால் வாங்கிய அன்று கண்ணில் படவில்லை. முதல் முறை சோப்பு நீரில் கழுவியதும் பாளம் பாளமாகத் தெரிந்தது. வலது மூலை வெடிப்பில் என் கட்டைவிரல் நகம் முழுவதும் உள்ளே போனது.

உங்கள் ஒர்க்‌ஷாப் சொல்வதைத்தான் 2021 இலையுதிர் காலத்தில் நானே செய்தேன். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸிப் பட்டியை வெடிப்புக்குள் திணித்து, காய்ந்ததும் தேய்த்து, கறுப்பு அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஐந்தாவது வாரம் லுட்விக்ஸ்பர்கிலிருந்து ஹைல்பிரான் வரை ஜெர்மனியின் ஏ81 நெடுஞ்சாலையில் போய்த் திரும்பி, காரை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். பட்டி கல்லுப்போல அப்படியே இருக்கிறது. அதன் இரு பக்கமும் ஓரம் புதிதாகக் கிழிந்திருக்கிறது. ஒரு வெடிப்பு இருந்த இடத்தில் இரண்டு.

ஓரம் வளையும், பட்டி வளையாது. இதில் வேறு மர்மம் ஒன்றுமில்லை. வெயிலில் ஓரம் நீள்கிறது, பனியில் சுருங்குகிறது, மூடியைச் சாத்தும்போது நாம் கைவைத்து அமுக்குகிறோம். அந்த அசைவு முழுவதும் பட்டி முடிகிற கோட்டில் போய் இறங்கும். அங்கேதான் கிழியும்.

பிறகு 2022 கோடையில் வாலைக் கழற்றி மேசையில் வைத்து முறையாகச் செய்தேன். அது இன்றுவரை நிற்கிறது. அதைப் படிப்படியாக எழுதுகிறேன், இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.

14 மார்ச் 2023

செய்முறைக்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். "அந்த ரப்பரை வெட்டி எறிந்துவிட்டு ஃபைபரிலேயே ஓரம் இழுத்துவிடலாமே" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த ஓரம் எதற்காக மென்மையாக வைக்கப்பட்டது என்று தெரிந்தால் அப்படிச் சொல்லமாட்டார்.

911இன் கூரை பின்னால் ஒரே சரிவாக இறங்குகிறது. அந்தச் சரிவில் ஓடும் காற்று வேகம் கூடக்கூடப் பின்புறத்தை மேலே தூக்கும். எஞ்சின் பின்னால் இருக்கும் கார் என்பதால், பின்சக்கரங்களின் பிடி தளர்ந்தால் வளைவில் எதுவும் நடக்கலாம். இதற்கு மருந்தாக வந்ததுதான் 1973 மாடல் கரேரா ஆர்எஸ் 2.7இன் சிறிய பின்வால். 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அந்தக் காரைக் காட்டினார்கள். பந்தய விதிக்காக 500 கார்கள் செய்தால் போதும் என்று தொடங்கி, கடைசியில் 1,580 கார்கள் செய்தார்கள். வாத்துவால் என்று இங்கே எல்லோரும் அழைப்பது அதைத்தான்.

அந்த வாத்துவால் கெட்டியானது, விளிம்பு எடுப்பானது. 1974 கரேராவில் மற்ற நாடுகளுக்கு அதைக் கொடுத்தார்கள், ஆனால் சொந்த நாடான ஜெர்மனியின் பரிசோதனை விதிகள் அதற்கு இடம் தரவில்லை. நடந்து போகிறவர்மீதோ சைக்கிளில் போகிறவர்மீதோ கூரான விளிம்பு பட்டுவிடக்கூடாது என்பதே கவலை. அந்த ஆண்டின் நடுவிலேயே வாத்துவால் போய், ஓரத்தில் மென்மையான பட்டை வைத்த அகலமான திமிங்கிலவால் வந்துவிட்டது. 1978இல் 911 டர்போவின் எஞ்சின் 3.3 லிட்டர் ஆனபோது, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை வாலின் அடியில் வைத்தார்கள். அந்த வாலின் ஓரம் சுற்றிலும் மேலெழும்பித் தேநீர்த்தட்டு போல ஆனது. அப்போதும் ஓரம் மென்மைதான்.

அந்த மென்மை ஒரு மனிதரின் தொடையையும் முழங்கையையும் நினைத்து வைக்கப்பட்டது. அதை வெட்டி எறிந்துவிட்டுக் கத்திபோல ஃபைபர் விளிம்பை நீட்டிக்கொண்டு தெருவில் போவதை என்னால் ஏற்க முடியாது. என் தெருவில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எத்தனை சைக்கிள்கள் போகின்றன என்று எனக்குத் தெரியும்.

19 மார்ச் 2023

படம் அனுப்பியதற்கு நன்றி. உங்கள் இடது மூலை என்னுடையதைவிட மோசம், ஆனாலும் பிழைக்கும்.

முதல் வேலை, அது என்ன பொருள் என்று கண்டுபிடிப்பது. எல்லோரும் ரப்பர் என்கிறோம். நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். என் வாலில் இருப்பது ரப்பர் அல்ல, பாலியூரித்தேன். அதிலும் ஒரே சீரான கட்டி அல்ல. வெளியே அடர்ந்த தோல், உள்ளே நுண்ணிய குமிழிகள் நிறைந்த நுரை. வெடிப்பின் உள்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பன்னைப் பிய்த்தது போலத் தெரியும். அந்தத் தோல் வெயிலில் வறண்டு வெடித்தால் உள்ளே இருக்கும் நுரை மழைநீரைக் குடிக்கத் தொடங்கும். அதன் பிறகு சேதம் உள்ளிருந்து வளரும்.

பொருள் எது என்பதைப் பொறுத்துத்தான் பசை. உண்மையான ரப்பர் என்றால் யூரித்தேன் பசை சரியாகப் பிடிக்காது. சூடு பட்டால் உருகும் பிளாஸ்டிக் என்றால் பற்றவைப்பதே சரியான வழி. எனவே அடிப்பக்கத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் தொட்டுப் பாருங்கள். உருகி நூல் இழுத்தால் பிளாஸ்டிக். டயர் எரிகிற வாடை வந்தால் ரப்பர். உருகாமல் கருகிப் புகைந்து மூக்கைக் குத்தினால் பாலியூரித்தேன்.

20 மார்ச் 2023

நேற்று எழுதியதில் பெரிய குறை. ஊசிப் பரிசோதனையை மூடிய கொட்டகைக்குள் செய்யாதீர்கள். பாலியூரித்தேன் கருகும் புகை நஞ்சு. திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். முகர்ந்து பார்க்கக் குனியவே வேண்டாம், தானாகவே தெரியும். இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

அதே எச்சரிக்கை பசைக்கும். இரண்டு பாக யூரித்தேன் பசையில் ஐசோசயனேட் இருக்கிறது. கையுறையும் அதற்கேற்ற சுவாசக் கவசமும் இல்லாமல் குழாயைத் திறக்காதீர்கள்.

2 ஏப்ரல் 2023

கழற்றுவது பற்றிக் கேட்டீர்கள்.

என் வாலில் ஓரத்துக்குள் ஓர் இரும்புப் பட்டை ஓடுகிறது. அதிலிருந்து திருகுக் கம்பிகள் ஃபைபர் வழியாகக் கீழே இறங்கி, வாஷர் போட்டு நட்டால் முடுக்கப்பட்டிருக்கின்றன. பதினான்கு நட்டுகள், எல்லாம் 10 எண் ஸ்பேனர். முதல் நாள் மாலை துரு இளக்கும் எண்ணெய் தெளித்தேன், மறுநாள் காலை மீண்டும் தெளித்தேன், மாலையில்தான் ஸ்பேனரை எடுத்தேன். அப்படியும் மூன்று முறிந்தன. முறிந்த மூன்றும் வலது மூலையில், வெடிப்புக்கு நேர் கீழே.

அது தற்செயல் அல்ல. வெடிப்பில் நீர் இறங்கிப் பட்டை துருப்பிடித்து, துரு உப்பி, ஓரத்தை உள்ளிருந்து பிளந்திருக்கிறது. மேலே வெயில் தொடங்கி வைத்ததைக் கீழே துரு முடித்திருக்கிறது. உங்கள் இடது மூலை விலகி நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். படத்தில் விலகிய இடத்தில் செம்பழுப்புக் கறை தெரிகிறது.

மேலே மட்டும் ஒட்டி மூடிவிட்டால் உள்ளே துரு தன் வேலையைத் தொடரும். கழற்றாமல் செய்யாதீர்கள்.

9 ஏப்ரல் 2023

ஈஸ்டர் விடுமுறை. வீட்டில் எல்லோரும் உறங்குகிறார்கள், இப்போதுதான் நேரம் கிடைத்தது. 2022இல் நான் செய்தது இது.

முதலில் கழுவுதல். பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், தேங்காய்நார். காய்ந்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணி. துணி கறுப்பாவது நின்று வெள்ளையாகவே வரும்வரை துடைத்தேன், பதினோரு துணிகள் ஆயின. முன்னாள் உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் தடவிய பளபளப்புத் தைலத்தில் சிலிக்கோன் இருந்திருக்கிறது. சிலிக்கோன் இருக்கும் இடத்தில் பசையும் பிடிக்காது, பெயின்டும் மீன்கண் போலக் குழிகுழியாக விலகும். இந்தத் துடைப்புக்கே ஒரு முழு நாள் கொடுங்கள். அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கோலமாகிவிடும்.

இரண்டாவது, துருப்பட்டை. வலது மூலையில் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டையை அறுத்து எடுத்தேன். அந்த இடத்தில் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையில் புதிய கம்பிகள் பற்றவைத்து உள்ளே உட்கார வைத்தேன். முதலில் அலுமினியம் வைக்கலாம் என்று இருந்தேன். அலுமினியமும் பழைய இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அரிப்புதான் மிஞ்சும் என்று பக்கத்து வீட்டுக் கடைசல்காரர் தடுத்தார். அவரே எஃகுத் துண்டும் கொடுத்தார்.

மூன்றாவது, வெடிப்பைத் திறப்பது. மனசு கேட்காத வேலை இது. மெல்லிய வெடிப்பை மூட வேண்டும் என்று வந்தவன் அதை அகலமாக அறுக்க வேண்டியிருக்கிறது. வெடிப்பு முடியும் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டேன். கூரான நுனியை வட்டமாக்கிவிட்டால் அது மேலும் ஓடாது. பிறகு மேலிருந்தும் கீழிருந்தும் சாய்வாக வெட்டி, நடுவில் சந்திக்கும் பள்ளமாக்கினேன். வெளிறிப்போன, நகம் பட்டால் உதிரும் பகுதி எல்லாவற்றையும் எடுத்தேன். நல்ல பகுதி கரிய நிறத்தில் இருக்கும், அமுக்கினால் திரும்பி வரும். அதுவரை வெட்டுங்கள். பள்ளத்தின் சுவர்களை 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினேன்.

நான்காவது, ஒட்டு. பிடிமானம் தரும் பிரைமரை மெல்லியதாகத் தெளித்து, அது காய்ந்ததும் அடிப்பக்கத்தில் ஃபைபர் வலையை வைத்துப் பசையை அதன் கண்களில் அழுத்தி நிரப்பினேன். அது இறுகிய பிறகு மேல்பக்கம். கெட்டியான இட்லி மாவுப் பதம், ஆனால் நான்கு நிமிடத்தில் இழுபடத் தொடங்கும். சிறுகச் சிறுகக் கலக்க வேண்டும். ஓரத்தைவிடச் சற்று மேடாகவே நிரப்பினேன், சுருங்குவதற்கும் தேய்ப்பதற்கும் இடம் வேண்டும்.

குழாயை வாங்கும்போது, காய்ந்த பிறகும் வளையும் வகை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். காரின் பிளாஸ்டிக் பம்பர்களுக்கு என்று விற்பதில் கெட்டி வகையும் உண்டு, வளையும் வகையும் உண்டு. நான் முதலில் ஒரு துளியைத் தாளில் விட்டு, ஒரு நாள் காயவைத்து, விரலால் மடித்துப் பார்த்தேன். ஓரத்தின் ஒரு துண்டை இன்னொரு கையில் மடித்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே எதிர்ப்பைக் கொடுத்தன. அதன் பிறகுதான் வாலில் வைத்தேன்.

24 மணி நேரம் தொடவில்லை. பிறகு 180, அதன் பிறகு 320 எண் உப்புத்தாள். இறுதியில் வளையும் தன்மை தரும் சேர்மம் கலந்த மங்கல் கறுப்பு, மூன்று மெல்லிய பூச்சு.

10 ஏப்ரல் 2023

ஒன்று விட்டுப்போனது. 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இந்த வேலை வேண்டாம். நான் செய்தது ஜூலையில். உங்கள் கொட்டகையில் இப்போது 9 பாகை என்றால் மே மாதம்வரை காத்திருங்கள். வாலைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்க் காயவைக்கலாமே என்பதற்கு, பசையின் ஆவியைக் குழந்தைகள் சுவாசிக்கும் வீட்டுக்குள் விடாதீர்கள் என்பதே என் பதில்.

23 ஏப்ரல் 2023

"ஒட்டிய இடம் மட்டும் வழவழவென்று தனியாகத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். அந்த ஓரத்தில் தோல்போல நுண்ணிய சொரசொரப்பு இருக்கிறது. தேய்த்த இடத்தில் அது போய்விடும்.

நான் செய்தது: நல்ல நிலையில் இருந்த இடது பக்கத்தில், பல் மருத்துவர்கள் அச்சு எடுக்கப் பயன்படுத்தும் சிலிக்கோன் களிம்பைத் தடவி, அந்தச் சொரசொரப்பை அப்படியே அச்செடுத்தேன். வலது பக்கத்தில் கடைசிப் பசைப் பூச்சு பாதி இறுகியபோது அச்சை அதன்மேல் வைத்து, ஒரு மரக்கட்டையால் சீராக அமுக்கி, இருபது நிமிடம் கழித்து உரித்தேன். தொட்டுப் பார்த்தால் ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகுந்த சந்தோஷம் கொடுத்த நிமிடம் அதுதான்.

24 ஏப்ரல் 2023

அதை வாசித்த ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். சிலிக்கோனை ஒழிக்கப் பதினோரு துணி செலவழித்தவன் அதே வாலில் சிலிக்கோன் களிம்பைத் தடவலாமா? கூடாது. என் இடது பக்கத்தில் அச்செடுத்த இடத்தில் முதல் பூச்சு பிசகியது, மீண்டும் துடைத்துத் தேய்த்து அடிக்க நேர்ந்தது. காரணம் அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

எனவே இப்படிச் செய்யுங்கள்: வெட்டி எறியப்போகும் துண்டில் நல்ல தோல் உள்ள இடம் இருந்தால் அதிலிருந்து அச்செடுங்கள். வாலில் எடுக்காதீர்கள். பசையில் அச்சை வைத்த இடத்தையும் பெயின்டுக்கு முன் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள்.

6 மே 2023

உங்கள் ஒரு வரிக் கேள்வி என்னை நேற்று இரவு தூங்கவிடவில்லை. "உங்கள் வாலின் அடியில் என்ன பாக எண் இருக்கிறது?"

போய்ப் பார்த்தேன். எதுவும் இல்லை. டார்ச் அடித்து மூலைமுடுக்கெல்லாம் தடவிப் பார்த்தேன். வார்ப்பில் எண் இல்லை, முத்திரை இல்லை. சந்தேகம் வந்து, முன்பக்கச் சாமான் மூடியின் அடியில் இருக்கும் தகவல் ஒட்டியைப் படித்தேன். கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது எந்தெந்த விருப்பச் சேர்க்கைகளோடு வந்தது என்பதற்கான எண்கள் அதில் வரிசையாக இருக்கும். ஸ்பாய்லர்களுக்கு 473. என் ஒட்டியில் 473 இல்லை.

ஆக, நான்கு ஆண்டுகளாகத் தொழிற்சாலை வால் என்று நம்பி வந்தது பிறகு யாரோ பொருத்தியது. பதினான்கு நட்டு, இரும்புப் பட்டை என்று ஏப்ரல் 2இல் நான் எழுதிய உள்ளமைப்பு என் வாலுக்கு மட்டுமே பொருந்தும். உங்களுடையதில் எண் இருக்கிறது என்கிறீர்கள், அது அசல். உள்ளே வேறு விதமாகக் கட்டியிருக்கலாம். நட்டு எத்தனை, எங்கே என்று என் கணக்கை நம்பி நெம்புகோல் போட்டுவிடாதீர்கள். கீழே படுத்து, உங்கள் வாலையே பார்த்து எண்ணுங்கள். பொருளைச் சோதிப்பது, வெடிப்பைத் திறப்பது, வளையும் பசை, இவை மாறா.

7 மே 2023

நேற்று எழுதும்போது மனம் கசந்திருந்தது. இன்று பழைய வாகனப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். 1988இல் தட்டச்சு செய்து முத்திரை குத்திய ஒரு வரி: பின் ஸ்பாய்லர், முன் உதட்டுடன். அன்றைய உரிமையாளர் பரிசோதகரிடம் காட்டி முறையாகப் பதிந்திருக்கிறார்.

இது எனக்கு இரண்டு விதத்தில் முக்கியம். என் காரில் இருப்பது எச் எழுத்தில் முடியும் பழங்கார் எண்தகடு. முப்பது ஆண்டு கடந்த, அசல் நிலை கெடாத கார்களுக்குத்தான் அது கிடைக்கும். பின்னால் செய்த மாற்றங்கள், கார் வந்த முதல் பத்து ஆண்டுகளுக்குள் வழக்கமாகச் செய்யப்பட்டவை என்றால் ஏற்றுக்கொள்வார்கள். 1985 காரில் 1988 வால். வரம்புக்குள் நிற்கிறது. அசல் வால் தேடி வாங்கிப் பொருத்த வேண்டும் என்று நேற்று இரவு முடிவு செய்திருந்தேன். இப்போது அந்த எண்ணம் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்தக் காரோடு வெயிலிலும் மழையிலும் இருந்த வால் இது. இந்தக் காரின் வரலாற்றில் அதற்கு இடம் உண்டு.

இரண்டாவது விஷயம் அந்த "முன் உதட்டுடன்", அதாவது முன் பம்பருக்கு அடியில் பொருத்தும் ஸ்பாய்லர் பட்டை.

20 மே 2023

என் காரில் முன் உதடு இல்லை. நான் வாங்கியபோதே இல்லை. போன வாரம் காரைத் தூக்கி நிறுத்தி முன்பக்க அடிப்பலகையைத் துடைத்துப் பார்த்தேன். பெயின்டுக்கும் அழுக்குக்கும் அடியில் வரிசையாகத் திருகுத் துளைகள். எப்போதோ உடைந்து, யாரோ கழற்றிப் போட்டுவிட்டு, துளைகளை மூடியிருக்கிறார்கள்.

தொழிற்சாலை 473இல் முன்னும் பின்னும் சேர்த்தே கொடுத்தது சும்மா அல்ல. பின்னால் காற்றின் தூக்கலைக் குறைத்து முன்னால் குறைக்காமல் விட்டால், வேகத்தில் முன்சக்கரங்கள் லேசாகும், ஸ்டீயரிங் காற்றில் மிதப்பது போல இருக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் எனக்கு அப்படி இருந்ததுண்டு. டயர்க் காற்று, சக்கரக் கோணம் என்று எதையெதையோ சந்தேகப்பட்டு இரண்டு முறை பணம் செலவழித்தேன்.

கறுப்பு முன் உதடு ஒன்றை வாங்கிப் பழைய துளைகளிலேயே பொருத்திவிட்டேன். திருகுகள் தானாகப் போய் உட்கார்ந்தன. அடுத்த ஞாயிறு அதே ஹைல்பிரான் சாலையில் போய்வந்தேன். ஸ்டீயரிங் கையில் கனமாக நிற்கிறது.

வால் மட்டும் இருந்து உதடு இல்லாதவர்கள் தயவுசெய்து தங்கள் காரின் முன்பக்கத்தைப் பாருங்கள்.

11 ஜூன் 2023

மூடியைப் பற்றி இன்னொருவர் கேட்டார். வால் சேர்ந்த எஞ்சின் மூடி, வெறும் மூடியைவிட நன்றாகவே கனம். அதைத் தாங்கும் வாயுத் தண்டு வலுவான வகையாக இருக்க வேண்டும். வெறும் மூடிக்கான தண்டோடு வாலைத் தூக்கி நிறுத்திவிட்டு, எஞ்சின் பெல்ட்டைப் பார்க்கத் தலையை உள்ளே விடாதீர்கள். நான் புதிய தண்டு வரும்வரை துடைப்பக்கட்டையை முட்டுக் கொடுத்தேன். அதையும் நம்பித் தலையை விடவில்லை.

இன்னொன்று, சாத்தும்போது ஓரத்தின் மூலைகளில் கைவைத்து அமுக்காதீர்கள். நடுவில், பூட்டுக்கு நேர் மேலே, ஃபைபர் பகுதியில் உள்ளங்கையை வைத்து அமுக்குங்கள். பெரும்பாலான வெடிப்புகள் மூலையில் தொடங்குவதற்கு நம் கைகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

3 செப்டம்பர் 2023

படங்களைப் பார்த்தேன். மனம் நிறைந்துவிட்டது. இடது மூலை எங்கே விலகியிருந்தது என்று நான்கு முறை பெரிதாக்கிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அசல் வாலின் உள்ளமைப்பைப் படம் எடுத்து இங்கே வைத்ததற்குத் தனி நன்றி, என் ஏப்ரல் 2 குறிப்பை வாசிப்பவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்கட்டும். மைத்துனரிடம் காட்டினீர்களா?

ஒரே ஒரு குறை. பெயின்டில் வளையும் சேர்மம் கலக்கவில்லை என்கிறீர்கள். ஒட்டு தாங்கும், பெயின்ட்தான் குளிர்காலத்தில் நுண்கோடு விடும். விட்டால் கவலைப்படாதீர்கள், வசந்தத்தில் 320 எண் தாளால் லேசாகத் தேய்த்து மறுபடி அடித்துக்கொள்ளலாம்.

28 அக்டோபர் 2023

குளிர்காலம். கார் கொட்டகைக்குள் போய்விட்டது. பளபளப்புத் தைலம் எதுவும் தடவவில்லை. "ரப்பர் உணவு" என்று விற்கும் சிலிக்கோன் தெளிப்புகளை வாங்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, நேர் வெயில் படாமல் மூடி வைத்தால் போதும்.

14 ஏப்ரல் 2024

வசந்தத்தில் வெளியே எடுத்ததும் முதலில் வாலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வலது மூலை, 2022 ஒட்டு, இரண்டாம் குளிர்காலத்தையும் தாங்கி நிற்கிறது. இடது பக்கத்தில், அச்செடுத்த அதே இடத்தில், இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு முடியளவு கோடு. முதலில் பெயின்ட் என்று நினைத்தேன். ஆல்கஹால் தொட்டு வைத்தால் கோடு கறுத்து, ஈரத்தை உறிஞ்சி, மெல்ல உலர்கிறது. பெயின்ட் அல்ல, தோலே பிளந்திருக்கிறது.

2022இல் இடது பக்கம் நன்றாக இருக்கிறது என்று அதைத் திறந்து பார்க்காமல் விட்டேன். வலதைப் போலவே இதற்கும் அதே வயது, அதே வெயில்.

5 மே 2024

நேற்று வாலைக் கழற்றினேன். இடது பக்க நட்டுகள் ஏழும் முறியாமல் வந்தன. உள்ளே பட்டையில் மேல்துரு மட்டும், உப்பவில்லை. கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்துவிட்டேன். கோட்டின் இரு நுனியிலும் துளை போட்டு, நல்ல கரிய பகுதி வரும்வரை வெட்டினேன். மூன்று மில்லிமீட்டர் ஆழத்திலேயே வந்துவிட்டது.

கொட்டகையில் இப்போது 17 பாகை. வியாழக்கிழமை 23 என்று சொல்கிறார்கள். வியாழன் மாலை பசை போடுகிறேன். அச்சு, 2022இல் வலது மூலையிலிருந்து வெட்டி எடுத்து டப்பாவில் வைத்திருந்த துண்டிலிருந்து.